வழுக்கிய வாசலுக்கு யார் பொறுப்பு?



பனியைப் பற்றிப் பேசுவதற்கு நமது தீவு பொருத்தமான இடமன்று. நுவரெலியாவிலே தை, மாசி மாதங்களிற் சில வைகறைகளில் புல்நுனிகள் வெளுத்துக் கிடப்பதைக் கண்டவர்கள் நம்மிற் சிலர் இருக்கலாம். வெயில் ஏறியதும் அதுவும் மறைந்துவிடும். அப்படியிருக்க, வாசலிலே உறைந்துகிடக்கும் பனியில் ஒருவர் வழுக்கி விழுந்தால் அந்த வாசலுக்கு உரியவர் எம்மட்டுக்குப் பொறுப்பாளி என்னும் சட்டப் பிரச்சினையை இன்று நான் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. 1983ஆம் ஆண்டுக்குப் பின்னர் நம்மவரிற் பெருந்தொகையானோர் கனடாவுக்குச் சென்று, ஒன்ராறியோ மாகாணத்தின் ரொறன்ரோ நகரிலும் அதனை அடுத்த ஊர்களிலும் வீடுவாசலோடு வாழ்கின்றனர். அவ்வீடுகளின் வாசல்கள் குளிர்காலத்திலே பனியால் மூடப்படுவன. அங்கே மகனோ மகளோ வாழ, இங்கே இருந்து இதனைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெற்றோர் பலர் இருப்பர். ஆதலின் இது நமக்கு முற்றிலும் அந்நியமான விடயமன்று.

முதலிற் பனியின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். பஞ்சுபோல வானிலிருந்து விழுவதை வெண்பனி என்றும், அது உருகி மீண்டும் இறுகிக் கண்ணாடிபோல நிலத்தை மூடுவதைப் பனிக்கட்டி என்றும் இப்பேச்சிலே வேறுபடுத்திச் சொல்கிறேன். வெண்பனி விழும்போது ஆபத்துக் குறைவு. காலடி அதிற் புதையும், அவ்வளவே. பகலிலே சற்று வெயில் எறித்து அது நீராகிப் பரந்து, இரவிலே குளிர் கடுத்தவுடன் உறைந்துவிடுகிறதே, அதுதான் ஆளை விழுத்துவது. சிலவேளை அப்படலம் மிகமெல்லியதாய், தெருவின் கருநிறமே ஊடுருவித் தெரியும்படி கிடக்கும். அதனை அங்குள்ளோர் கறுப்புப் பனி என்பர். மழைக்காலத்திலே பாசி பிடித்த கிணற்றுக்கட்டில் வெறுங்காலோடு நிற்கும் நிலையை நினைத்துக்கொள்ளுங்கள். கிணற்றுக்கட்டிலே பச்சை நிறமாவது கண்ணுக்குத் தெரியும். இங்கே அதுவும் தெரியாது. இதனைத் தடுக்கச் சவளால் வெண்பனியை அள்ளி ஒதுக்கியபின் உப்புத் தூவுவார்கள். உப்பு நீரின் உறைநிலையைத் தாழ்த்திப் பனிக்கட்டியை இளக்கும். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகையளவுக்கு இறங்கிவிட்டால் சாதாரண உப்பு வலுவிழந்துபோகும். அப்பொழுது காலுக்குப் பிடிப்புண்டாக மணல் தூவவேண்டும்.

இனி ஒரு வீட்டை மனத்திலே கட்டிக்கொள்வோம். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியாகிய ஸ்காபரோவில் உள்ள வீடு அது. மேலே சொந்தக்காரர் குடும்பம். கீழே, நிலத்துக்கு அடியிலுள்ள தளத்தில் - பேஸ்மென்ற் என்று அங்கே நம்மவர் எல்லாரும் சொல்வது அதைத்தான் - வாடகைக்கு ஒரு தம்பதி. அவர்களுக்குரிய வாயில் வீட்டின் பக்கத்திலே. அதற்கு ஒரு ஒடுங்கிய நடைவழி. கூரைப்பீலியிலிருந்து வழிந்த நீர் இரவிலே அந்த நடைவழியில் உறைந்திருக்கிறது. விடியுமுன் ஐந்து மணிக்குத் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட்ட அப்பெண் அதிற் காலை வைக்கிறார், விழுகிறார், மணிக்கட்டு முறிகிறது. வைத்தியச் செலவை மாகாணத்தின் பொதுக் காப்புறுதி பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். மணிக்கூலிக்கு வேலை செய்பவரின் இழந்த ஊதியத்தை யார் ஏற்பது? முறிந்த கை முன்போல வளையாமற் போனால் அதற்கு யார் வகைசொல்வது?

'பனி பெய்வித்தது வீட்டுக்காரரா?' என்று கேட்கத் தோன்றும். இக்கேள்வி சிறுபிள்ளைத்தனமானதன்று. ஐக்கிய அமெரிக்காவின் மசாச்சுசெற்ஸ் மாநிலத்து நீதிமன்றங்கள் நூற்றாண்டுக்கு மேலாக ஏறக்குறைய இக்கேள்வியையே கேட்டுவந்தன. 1883ஆம் ஆண்டளவிலே வேரூன்றிய அவர்களுடைய கோட்பாடு இது: இயற்கையாய் விழுந்து, விழுந்தபடியே கிடக்கும் பனிக்கு நிலத்துக்குரியவர் பொறுப்பல்லர், மனிதர் கைபட்டு அது உருமாறியிருந்தால் மட்டுமே பொறுப்பு. இதன் விளைவு விசித்திரமானது. சவளைத் தொடாது வீட்டினுள்ளே கணப்பருகில் இருந்தவர் தப்பிக்கொள்ள, பாதி வழியைத் துப்புரவாக்கியவர் வழக்கிலே மாட்டிக்கொள்ளும் நிலை உண்டாயிற்று. வழக்குத்தோறும், விழுந்தவரின் காலடியிற் கிடந்த கட்டி வானத்துடையதா மனிதருடையதா என்று வாதாடினார்கள். டான்வேர்ஸ் என்னும் ஊரிலே ஒரு பெருங்கடையின் வாகனத் தரிப்பிடத்தில் ஒருவர் விழுந்த வழக்கில், 2010ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தப் பழைய வேறுபாட்டைத் தள்ளிவிட்டது. இப்பொழுது அங்கும் கேள்வி ஒன்றுதான்: நிலத்துக்குரியவர் நியாயமான கவனம் எடுத்தாரா?

அமெரிக்கா முழுவதும் ஒரே விதி என்று எண்ணிவிடக்கூடாது. பெனிசில்வேனியாவிலே, ஊரெங்கும் பனி வழுக்கும் வேளையில் விழுந்தவர், அது மேடும் வரப்புமாய்த் திரண்டு நடையைத் தடுத்தது என்று காட்டவேண்டும் என்கிறார்கள். நியூயோர்க்கிலே புயல் ஓயும்வரை துப்புரவு செய்யும் கடமை எழாது என்பது நெறி. மனிதர் ஒருவரே; எல்லையைக் கடந்து விழுந்தால் நியாயம் வேறாகிறது.

நமக்கு நெருக்கமான ஒன்ராறியோவுக்கு வருவோம். ஆங்கிலேயப் பொதுச்சட்டம் ஒரு காலத்திலே இடத்துக்கு வருவோரைத் தரம்பிரித்து வைத்திருந்தது. வியாபாரத்தின் பொருட்டு வருபவர் ஒருதரம். அனுமதியோடு வரும் விருந்தாளி அவருக்குத் தாழ்ந்த தரம். அத்துமீறி நுழைந்தவர் கடைசித்தரம். வியாபாரத்துக்கு வந்தவரை 'வழமைக்கு மாறான ஆபத்தி'லிருந்து காக்கவேண்டும் என்பது விதி. பனிக்காலத்திலே பனி வழமைக்கு மாறானதா? கனடாவிலே இக்கேள்வி பல வழக்குகளை அலைக்கழித்தது. மனிற்றோபா மாகாணத்தில் ஒரு வங்கிக்கு வந்தவர்களின் காலணிகளோடு வந்த பனி உருகித் தரை நனைந்திருக்க, வாடிக்கையாளர் ஒருவர் வழுக்கி விழுந்தார். அது வழமைக்கு மாறான ஆபத்தே என்று அதியுயர் நீதிமன்றம் 1964இல் தீர்த்தது. இத்தகைய சொற்போர்களுக்கு ஒன்ராறியோ 1980ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒரு முடிவு கட்டியது. இடத்தைத் தமது ஆட்சியில் வைத்திருப்பவர், அங்கே வருவோர் நியாயமான அளவுக்குப் பாதுகாப்பாய் இருக்கும்படி, சூழ்நிலை எல்லாவற்றையும் நோக்க நியாயமான கவனத்தை எடுக்கவேண்டும் என்று அது கூறுகிறது. ஆட்சி என்ற சொல்லைக் கவனியுங்கள். உறுதிப்பத்திரத்தில் எவர் பெயர் இருக்கிறது என்பது மட்டும் அங்கே கேள்வியன்று. அந்த இடத்தின் நிலைமையை எவர் கைக்குள் வைத்திருக்கிறார் என்பதும் கேள்வி. ஒரே வாசலுக்கு இருவர் மூவர் பொறுப்பாளிகளாய் இருக்கவுங்கூடும்.

இச்சட்டம் உண்மையிலே என்ன சொல்கிறது என்பது 1991ஆம் ஆண்டில் வந்த வால்டிக் எதிர் மால்கம் என்னும் தீர்ப்பிலேதான் தெளிவாயிற்று. ஒன்ராறியோவின் நாட்டுப்புறத்திலே ஒரு பண்ணை வீடு. அங்கே சென்றிருந்த ஒருவர் வாகனத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துவர வெளியே போனார். உப்போ மணலோ தூவப்படாத வாகனத் தரிப்பிடத்தில் விழுந்து கடுங்காயமுற்றார். எதிராளிகள் இரண்டு நியாயங்களை முன்வைத்தார்கள். இரண்டும் நம்மவர் வாயிலும் இயல்பாக வரக்கூடியவை. ஆதலாற் சற்று நின்று நோக்குவோம்.

முதலாவது நியாயம், இந்தப் பக்கத்திலே எவரும் தம் வாகனத் தரிப்பிடத்துக்கு உப்போ மணலோ போடுவதில்லை என்பது. ஊரோடு ஒக்க ஓடு என்று நாம் சொல்வதில்லையா, அதுபோல. நீதியரசர் இயாக்கொபூச்சி நீதிமன்றத்தின் சார்பில் எழுதிய தீர்ப்பு இதனை ஏற்கவில்லை. அப்படி ஒரு வழக்கம் உண்டென்று சொல்பவரே அதனை நிறுவவேண்டும், நிறுவினாலும் என்ன? ஒரு கவனயீனத்தைப் பலர் சேர்ந்து செய்வதால் அது கவனமாகிவிடாது. நாட்டுப்புறமா நகரமா, வழியின் நீளம் எவ்வளவு, குளிர் எத்தகையது என்பனவெல்லாம் சூழ்நிலைகள்தாம், அவை எடைபோடப்படும். ஆயினும் ஒன்றுமே செய்யாதிருத்தலுக்கு அயலவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.

இரண்டாவது நியாயம், விழுந்தவருக்கும் பனிக்கட்டி கிடப்பது தெரியும். தெரிந்தே காலை வைத்தார் என்பது. தாமாக விரும்பி ஏற்றுக்கொண்ட ஆபத்துக்கு இடத்துக்குரியவரின் கடமை பெரிதும் குறையும் என்று சட்டத்திலேயே ஒரு வாசகம் உண்டு. அதனைப் பிடித்துக்கொண்டே வாதித்தார்கள். நீதிமன்றம் கூறிய விடை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. ஆபத்தை அறிந்திருத்தல் வேறு. விழுந்தால் நட்டத்தை நானே சுமப்பேன், உம்மிடம் கேட்கமாட்டேன் என்று உடன்படுதல் வேறு. வெளிக்கிடுவதற்கு ஒரே ஒரு வழி இருக்க, அது வழுக்கும் என்று தெரிந்துகொண்டே அதில் நடக்கிறவர் தம் உரிமையைக் கைகழுவி விட்டவராகார். நமது ஸ்காபரோப் பெண்ணின் நிலையும் அதுதானே? அவர் வேலைக்குப் போகாமல் இருக்க முடியுமா?

இவ்வளவும் கேட்டு, வீட்டுக்காரர் பாடு பெரும்பாடாயிற்றே என்று எண்ணவேண்டாம். சட்டம் கேட்பது நியாயமான கவனத்தை, பூரணத்தை அன்று. விழுந்த ஒவ்வொருவருக்கும் பணம் கொடுக்கும் காப்புறுதிக் கம்பனியாக வீட்டுக்காரரை அது கருதுவதில்லை. நள்ளிரவிலே மழை உறைந்து விழுந்தால் அடுத்த நிமிடமே எழுந்து உப்புத் தூவும்படி எந்த நீதிபதியும் சொல்லார். எப்பொழுது பெய்து ஓய்ந்தது, அதன்பின் எவ்வளவு நேரம் கிடைத்தது, அந்த நேரத்துள் என்ன செய்யப்பட்டது என்பனவே ஆராயப்படும். அந்நாளின் வெப்பநிலைக் குறிப்புகள் வழக்கிலே சாட்சியமாகின்றன. அதனால் எத்தனை மணிக்குச் சவள் பிடித்தேன், எத்தனை மணிக்கு உப்புப் போட்டேன் என்று நாட்காட்டியில் எழுதிவைக்கும் வீட்டுக்காரரும் உண்டு. அற்பமாய்த் தோன்றும் அந்த ஒருவரிக் குறிப்பு இரண்டு ஆண்டு கழித்து நீதிமன்றத்திலே பெரும்பாரம் தாங்கக்கூடும். ஒப்பந்தக்காரரை அமர்த்தியவர், தகுதியானவரைத்தான் அமர்த்தினார், வேலை ஒழுங்காக நடந்ததா என்று நியாயமாகப் பார்த்தும் வந்தார் என்றால், அந்த ஒப்பந்தக்காரரின் பிழை அவர் தலையில் விழாது. விழுந்தவருடைய நடத்தையும் நோக்கப்படும். மிருதுவான அடியுள்ள செருப்போடு ஓடிவந்தவருக்கு அவர் பங்குக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும்.

வீட்டின் முன்னே செல்லும் பொது நடைபாதையின் சங்கதி தனியானது. அதனைத் துப்புரவாக்கும்படி வீட்டுக்காரரைப் பணிக்கும் நகரசபை உபவிதிகள் ஒன்ராறியோவிலே பல ஊர்களில் உண்டு. செய்யத் தவறினால் தண்டப்பணம் விதிக்கலாம். ஆனால் அந்த நடைபாதையில் விழுந்தவருக்கு வீட்டுக்காரர் நட்டஈடு கொடுக்கவேண்டுமா என்றால், பொதுவாக இல்லை என்று மாகாண மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்த்தது. தெருவைப் பேணுவது நகரசபையின் கடமை; உபவிதியின் வாயிலாக அதனை வீட்டுக்காரரின் தோளுக்கு மாற்றிவிட முடியாது. விலக்குகள் உண்டு. தமது பீலி நீர் நடைபாதைக்கு வழிந்து உறைய விட்டவர் தப்பமுடியாது. நகரசபையோ வெறுங் கவனயீனத்துக்காக அன்றி, கடும் கவனயீனத்துக்காகவே நடைபாதைப் பனியின் பொருட்டுப் பொறுப்பாகும். அதற்கும் பத்து நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் கொடுக்கவேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நிலைமை வேறு. நெல்சன் என்ற சிறு நகரிலே வாகனத் தரிப்பிடங்களைத் துப்புரவாக்கிய நகரசபை, அள்ளிய பனியைத் தெருவோரமாக வரப்புப்போலக் குவித்து, நடைபாதைக்கு ஏற வழி விடாமற் போயிற்று. 2015இல் அவ்வரப்பைக் கடக்க முயன்ற ஒரு பெண்ணின் கால் புதைந்து கடுமையாகக் காயமுற்றது. அது கொள்கைத் தீர்மானம், அதனைக் கேள்வி கேட்க முடியாது என்று நகரசபை வாதித்தது. 2021இல் அதியுயர் நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்காது, நகரசபைக்குக் கவனக் கடமை உண்டென்று கூறி, மீதியை மீண்டும் விசாரிக்கக் கட்டளையிட்டது.

மறுபடியும் நமது நடைவழிக்கு வருவோம். அங்கே மேல்வீட்டுக்காரர் ஒரு கடதாசியை எடுத்து நீட்டுகிறார். வாடகை உடன்படிக்கை. 'உமது வழியிலுள்ள பனியை நீரே அகற்றவேண்டும்' என்று அதிலே எழுதி, கீழே அந்தப் பெண்ணின் கையொப்பமும் இருக்கிறது. இத்தகைய வாசகம் நம்மவர் வீடுகளிலும் பெருவழக்கு. பல இடங்களில் எழுத்திலே இல்லாமல், வாய்ச்சொல்லாக, 'தம்பி, உங்கடை பக்கத்தை நீங்களே பாத்துக்கொள்ளுங்கோ' என்பதோடு காரியம் முடிந்துவிடும். 2009ஆம் ஆண்டிலே, மொன்கொமரி எதிர் வான் என்னும் வழக்கில், இதைப் போன்ற ஒரு வாசகத்தையே ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் ஆராய்ந்தது. குடியிருப்பு வாடகைச் சட்டத்தின்படி பொது வழிகளைப் பனியின்றிப் பேணுவது வீட்டுக்காரரின் கடமை. அதற்கு முரணான வாசகம் வாடகை உடன்படிக்கையில் எழுதப்பட்டாலும் செல்லாது என்பது அதன் தீர்ப்பு. வாடகைக்காரர் சவள் பிடிப்பதையே சட்டம் தடுத்துவிட்டது என்று இதற்குப் பொருளில்லை. அவரை அவ்வேலைக்கு அமர்த்தலாம். கூலியோ வாடகைக் கழிவோ பேசி, வாடகை உடன்படிக்கையினின்றும் பிரிந்து தனித்து நிற்கக்கூடிய ஓர் ஒப்பந்தமாக அது இருக்கவேண்டும். சும்மா ஒரு வரி சேர்த்துவிட்டுத் தூங்கப்போக முடியாது.

இங்கே ஒரு சங்கடத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. அந்த மேல்வீட்டுக்காரர் பெரும்பாலும் ஊரவர். சிலவேளை ஒன்றுவிட்ட அண்ணர். நாட்டுக்கு வந்த புதிதிலே இருக்க இடம் தந்தவர். அவர்மேல் எப்படி வழக்கு வைப்பது? நன்றிகெட்ட செயலென்று உறவினர் பேசமாட்டார்களா? பேசுவார்கள். ஆனால் வீட்டுக் காப்புறுதி எடுத்தவரின் வழக்கை நடத்துவதும் நட்டஈட்டைக் கொடுப்பதும், காப்புறுதித் தொகைக்கு உட்பட்டவரையில், பொதுவாக அந்தக் காப்புறுதிக் கம்பனியே. அண்ணருடைய சட்டைப்பையிலிருந்து வருவதன்று அப்பணம். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டிருக்கும் உண்மை கம்பனிக்குச் சொல்லப்பட்டிருக்கவேண்டும். கட்டணம் கூடுமென்று அதனை மறைத்தவருக்கு, கம்பனி கைவிரிக்கக்கூடும். அப்பொழுதுதான் உறவும் முறியும், வீடும் ஆட்டங்காணும். இந்த ஒன்றிலே மாத்திரம் என் அனுதாபம் வீட்டுக்காரர் பக்கம் இல்லை.

கடைசியாகக் காலக்கணக்கு. வழக்குத் தொடரப் பொதுவாக இரண்டு ஆண்டு உண்டென்பது உண்மை. ஆனால் பனியிலே விழுந்தவருக்கு அதற்கு முன்னதாக வேறொரு தவணை வந்து நிற்கிறது. 2020இல் ஒன்ராறியோச் சட்டசபை நிறைவேற்றி, 2021ஆம் ஆண்டு ஜனவரி 29ஆந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தனியார் இடத்திலே பனியால் காயமுற்றவர் அறுபது நாளுக்குள் எழுத்துமூலம் அறிவித்தல் கொடுக்கவேண்டும். விழுந்த திகதி, நேரம், இடம் ஆகிய மூன்றும் அதிலே இருக்கவேண்டும். இடத்தின் ஆட்சியாளருக்கோ பனியகற்றும் ஒப்பந்தக்காரருக்கோ நேரிற் கையளிக்கலாம். பதிவுத் தபாலிலும் அனுப்பலாம். மரணம் நேர்ந்திருந்தால் இத்தவணை இல்லை. தக்க காரணத்தால் தாமதித்து, அதனால் எதிராளியின் வாதத்துக்குப் பாதகம் நேரவில்லை என்றால் நீதிமன்றம் பொறுத்துக்கொள்ளலாம். இத்தவணைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. வைகறையிலே அவரை விழுத்திய பனிக்கட்டி மதியத்துக்குள் நீராய் ஓடிவிடும். எட்டு மாதம் கழித்துக் கோடையிலே கடிதம் வந்தால், வீட்டுக்காரர் எதனைக்கொண்டு விடைசொல்வார்? ஆனாலும், கை கட்டுப்போட்டிருக்க, மொழியும் சரிவர வராதிருக்க, வேலையும் போய்விடுமோ என்று அஞ்சிக்கொண்டு இருக்கும் புதுவரவு ஒருவருக்கு அறுபது நாள் எவ்வளவு விரைவாக ஓடிவிடும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

நமது கற்பனைப் பெண்ணுக்கு அவருடைய கணவர் ஒரு நல்ல காரியம் செய்தார் என்று வைத்துக்கொள்வோம். மனைவியை வைத்தியசாலைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பிவந்து, வெயில் ஏறுமுன் நடைவழியையும் பீலியின் வாயையும் படம் பிடித்தார். மனைவி அணிந்திருந்த காலணியைக் கழுவாமல் எடுத்து வைத்தார். அவ்வார இறுதியிலே இருவரும் மேசையருகில் இருந்து, திகதி, நேரம், இடம் என்ற மூன்றையும் எழுதிய கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினர். ஒரே வீட்டின் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளத்துக்குச் சென்ற அந்தக் கடிதத்தை மேல்வீட்டுக்காரர் முதலிற் கோபத்தோடுதான் வாங்கினார். பின்னர் அதன் பிரதியொன்றை உறையிலிட்டுத் தமது காப்புறுதிக் கம்பனிக்கு அனுப்பினார். அன்று மாலையே ஏணி வைத்து ஏறிப் பீலியின் வாயை மறுபக்கம் திருப்பிவிட்டார்.